கறள் எதிர்ப்பு உருக்கு அச்சுகள்: குறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பிளாஸ்ரிக் அச்சுக்கென்று விற்கப்படும் 13 சதவீதக் குரோமிய உருக்கு, மென்மையான கட்டையாகப் பட்டறைக்கு வந்து இறங்கும்போது கறளை எதிர்க்கும் நிலையில் இல்லை. அந்தக் குணத்தை உலைதான் கொடுக்கிறது. பிறகு தவறான ரெம்பர் (வன்மையாக்கிய உருக்கு நொறுங்காமலிருக்க அளவாக மறுபடி சூடாக்குவது), வெல்டிங், மேற்பூச்சு என்று எந்தச் சூடும் அதைப் பறிக்கலாம். ஆகவே கீழே வரும் குறிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குரோமியம் இப்போது எங்கே இருக்கிறது?

1.2083 என்ற ஜேர்மன் தர இலக்கத்தில் வரும் உருக்கும், அமெரிக்க முறையில் 420 எனப்படும் வகையும், ஸ்ராவக்ஸ் என்ற வணிகப் பெயரில் வருவது போன்ற மின்கசட்டில் மறுபடி உருக்கித் தூய்மையாக்கிய வகைகளும் ஒரே குடும்பம். காபன் 0.38 சதவீதம் அளவில், குரோமியம் 13 முதல் 14 வரை. மென்மையாக்கிய நிலையில் காபன் முழுவதும் குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டு மணிகளாக நிற்கும். கணக்குப் பார்த்தால் சுற்றியுள்ள உருக்கில் சுமார் 10 சதவீதக் குரோமியமே மிஞ்சும். உருக்கின் மேல் தானாக உருவாகும் காப்புப் படலம் உறுதியாக நிற்க 12 சதவீதம் அளவாவது கரைந்த நிலையில் வேண்டும். 1020 பாகையில் வைத்திருக்கும்போது காபைட்டுகளில் பெரும்பகுதி கரைந்து குரோமியம் விடுபடுகிறது. விரைவாகக் குளிர்வித்தால் அப்படியே சிறைப்பட்டு நிற்கிறது. 450 பாகைக்கு மேல் ரெம்பர் செய்தால் மிக நுண்ணிய காபைட்டுகளாக மறுபடி ஒதுங்கத் தொடங்குகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, சரியான வெப்பப்பதம் இதுதான் (இங்கு பாகை எல்லாம் செல்சியஸ்). முரட்டு வெட்டு முடிந்ததும் 650 பாகையில் 2 மணிநேரம் தகைப்பு (உள்ளே நிற்கும் இறுக்கம்) நீக்கி, உலைக்குள்ளேயே 500 வரை இறக்கி, பிறகு காற்றில் விடவும். வன்மையாக்கும்போது முதலில் 600 முதல் 650 வரை, அடுத்து 800 முதல் 850 வரை இரண்டு படியில் முன்சூடு. பிறகு 1020 முதல் 1030. துண்டின் நடுப்பகுதியும் அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு 30 நிமிடம். வெற்றிட உலையில் அழுத்த நைதரசன் வாயுவால் குளிர்விப்பு. 50 முதல் 70 பாகைக்கு இறங்கிய உடனே 250 பாகையில் ரெம்பர், ஒவ்வொரு தடவையும் குறைந்தது 2 மணிநேரமாக இரு தடவை, இடையில் அறை வெப்பநிலை வரை ஆற விட்டு. வன்மை, றொக்வெல் சி என்ற வன்மை அளவுகோலில், 52ஐச் சுற்றி வரும் (கீழே வெறும் எண்ணாக வரும் வன்மையும் இதே அளவில்).

குறி: வெட்டிய கட்டையில் விரல் அடையாளத்திலேயே கறள்

வன்மையாக்க முன் இப்படி வந்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். மென்மையான நிலையில் இந்த உருக்குக்கு இது இயல்பு. எண்ணெய் பூசி வையுங்கள், வெப்பப்பதத்துக்குப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். கட்டையின் வகையில் சந்தேகம் இருந்தால் மயில்துத்தக் (செப்பு சல்பேற்று) கரைசல் தடவி, செம்பு படிகிறதா என்று பார்ப்பதும் உதவாது. அந்தச் சோதனை குரோமியம் 16 சதவீதத்துக்குக் குறைந்த வகைகளுக்கும், வன்மையாக்கும் கறையில் (ஸ்ரெயின்லெஸ்) உருக்குகளுக்கும் பொருந்தாது. நல்ல உருக்கிலும் செம்பு படியும்.

குறி: வன்மையாக்கிப் பொலிஷ் போட்ட பிறகும் கறள்

கறள் எங்கே, எந்த வடிவில் என்று முதலில் பாருங்கள். முகம் முழுவதும் மெல்லிய செம்மை படர்ந்தால் ஒரு காரணம், ஊசிமுனைத் துளைகளாக இருந்தால் வேறு, அச்சு சேரும் விளிம்பிலும் காற்றுப்போக்கி வெட்டிலும் மட்டும் இருந்தால் இன்னொன்று.

படர்ந்த செம்மைக்கு முதற் சந்தேகம் ரெம்பர் வெப்பநிலை. உலைக்காரரிடம் வெறுமனே "52 வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், 250இல் செய்தாலும் 500 அருகே செய்தாலும் அந்த எண்ணைக் காட்டிவிடலாம். 500 அருகே இந்த உருக்குக்கு இரண்டாம் தடவை வன்மை ஏறும் இடம் உண்டு. வன்மைமானி இரண்டையும் பிரித்துக் காட்டாது; மாரிமழை தொடங்கியதும் அச்சு காட்டிக் கொடுக்கும். 500இல் செய்ததில் கறள் எதிர்ப்பும் உறுதியும் இரண்டும் குறைவு. எனவே உலைக்குப் போகும் தாளில் வன்மையோடு ரெம்பர் வெப்பநிலையையும் எழுதுங்கள், உலையின் வெப்பநிலை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியோடும் அதே கட்டையில் வெட்டிய ஒரு சிறு துண்டைச் சாட்சியாக அனுப்புவது மிகப் பயனுள்ள பழக்கம். அந்தத் துண்டையும், சரியாகச் செய்ததென்று தெரிந்த பழைய துண்டையும் ஒரே அளவு பொலிஷ் போட்டு, உப்புநீரில் நனைத்த பஞ்சை இரண்டிலும் வைத்து, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

500இல் ரெம்பர் ஆகிவிட்டதை 250இல் மறுபடி ரெம்பர் செய்து திருத்த முடியாது. ஒதுங்கிய குரோமியத்தை மீண்டும் கரைக்க 1020க்குத்தான் போக வேண்டும். அதற்கு முன் 890 பாகையில் மென்மையாக்கி, மணிக்கு 20 பாகை வீதம் 850 வரையும், மணிக்கு 10 பாகை வீதம் 700 வரையும் இறக்கி, பிறகு காற்றில் ஆறவிட வேண்டும். மென்மையாக்காமல் நேரே மறுபடி வன்மையாக்கினால் மணியுரு (உருக்கின் உள்ளிருக்கும் நுண்மணிகள்) பருக்கும், வெடிக்கும் ஆபத்தும் கூடும். அளவுக்கு முடித்த அச்சில் இதெல்லாம் பெரிய வேலை, அளவு நகர்ந்துவிடும். அப்படியானால் இன்சேர்ட்டை (அச்சுக்குள் பொருத்தும் தனித் துண்டை) புதிதாக வெட்டுவதே பெரும்பாலும் மலிவு.

ரெம்பர் சரி, ஆனாலும் செம்மை வருகிறது என்றால் மேற்பரப்பைப் பாருங்கள். சாதாரண இரும்பில் பாவித்த கம்பித் தூரிகையும் கிறைண்டிங் கல்லும் இரும்புத் துகளை அச்சு முகத்தில் அழுத்திவிடும். கறள் பிடிப்பது அந்தத் துகள். வைரப் பசையால் மேல்தோலை எடுத்தால் போய்விடும். இந்த அச்சுகளுக்கென்று தனித் தூரிகை, தனிக் கல் வையுங்கள். வீட்டில் கலந்த அமிலத்தில் தோய்த்துச் சுத்தம் செய்ய வேண்டாம். 13 சதவீதக் குரோமிய உருக்கு கொஞ்சம் பிசகினாலும் அமிலத்தில் கறுத்து அரிபடும்.

நைத்திரைட் செய்து அச்சை இன்னும் கடினமாக்கலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. நைதரசனும் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், கறள் எதிர்ப்பு விழும். 450 முதல் 500 பாகையில் படிய வைக்கும் கடினப் பூச்சுகளும் 250இல் ரெம்பரான அச்சை மறுபடி ரெம்பர் செய்துவிடும். பூச்சு அவசியம் என்றால் அதன் செயல் வெப்பநிலையை முதலில் கேளுங்கள்.

குறி: ஊசித்துளைகள், விளிம்பில் அரிப்பு

பீவீசி குழாய்ப் பொருத்துகள் வார்க்கும் அச்சு என்றால், பொருள் அதிகம் சூடாகி உடையும்போது ஐதரோகுளோரிக் அமில வாயு வரும். அது வெளியேறும் வழி காற்றுப்போக்கியும் அச்சு சேரும் கோடும்தான், ஆகவே அரிப்பும் அங்கேயே தொடங்கும். மெசினில் பிளாஸ்ரிக் உருகும் பீப்பாயின் சூட்டைக் குறைத்து, பொருள் உள்ளே நிற்கும் நேரத்தைக் குறைத்து, காற்றுப்போக்கிகளைத் துப்புரவாக வையுங்கள். வேலை முடியும்போது பொலித்தீனைத் தள்ளிப் பீப்பாயைக் கழுவுங்கள். அச்சு முகத்தை அப்பச்சோடாக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் துடைத்து, காயவிட்டுக் கறள் தடுப்பு எண்ணெய் தெளியுங்கள். நாள் முழுக்கப் பீவீசிதான் வேலை என்றால் 16 சதவீதக் குரோமியமும் 1 சதவீதம் அளவில் மொலிப்டினமும் உள்ள 1.2316ஐ நாடுவது நல்லது. அது 300 பிறினல் (இன்னொரு வன்மை அளவுகோல்) அளவில் முன்னமே வன்மையாக்கி வரும். தேய்வு எதிர்ப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறீர்கள், அரிப்பில் அதைத் திரும்பப் பெறுகிறீர்கள்.

வாயு இல்லாத இடத்தில் துளை வந்தால் குளோரைட்டு நீரைத் தேடுங்கள். அது பெரும்பாலும் அச்சின் மேல் தானே வேர்த்த நீர்தான். வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம் என்ற சாதாரண யாழ்ப்பாண நாளில் 26 பாகைக்குக் கீழே இறங்கும் எந்த முகத்திலும் நீர் படியும். 12 பாகைத் தண்ணீரை ஓடவிட்டபடி மெசினை நிறுத்திப் போனால் அச்சு மணிக்கணக்காக வேர்க்கும். கடல்காற்றில் வந்த உப்பு அதில் கரையும். கடைசிப் பத்து, பதினைந்து நிமிடம் குளிர்நீரை மூடிவிட்டு வார்ப்பைத் தொடருங்கள். வார்ப்பின் சூட்டிலேயே அச்சு வெளிக்காற்றுக்கு மேல் ஏறும். அதன் பிறகு எண்ணெய்.

குறி: வார்ப்பு நேரம் கூடிக்கொண்டே போகிறது, பொருள் வளைகிறது

இந்த உருக்கின் வெப்பக் கடத்தல் குறைவு. அறை வெப்பநிலையில் மீற்றர்-கெல்வினுக்கு 16 உவாற்று அளவு, பீ20 போன்ற சாதாரண அச்சுருக்கின் பாதி. ஆகவே குளிர்நீர்த் துளையின் சுவரில் என்ன படிந்தாலும் உடனே உறைக்கும். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. அந்தத் தண்ணீர் சூடான துளைக்குள் சுண்ணாம்பாகப் படியும். 1 மில்லிமீற்றர் படிவு, வெப்பத் தடையில் சுமார் 7 மில்லிமீற்றர் உருக்குக்குச் சமம். தீவகப் பக்கத்து உவர்க் கிணறுகளில் படிவோடு குளோரைட்டும் சேர்ந்து வரும், வெயில் காலத்தில் இறைக்க இறைக்க உவர் கூடும். படிவுக்கு அடியில் ஒட்சிசன் எட்டாத இடத்தில்தான் துளை அரிப்பு ஆழமாகப் போகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையும், ஒவ்வொரு வழியிலும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்பதையும் அச்சு புதிதாக இருக்கும்போதே அளந்து அதன் மேலேயே எழுதி வையுங்கள். பிறகு ஓட்டம் குறைந்தால் படிவு. எடுப்பதற்கு, அரிப்புத் தடுப்பி கலந்த சல்பாமிக் அமிலக் கரைசல் 5 சதவீதம் அளவில், சிறு பம்பால் சுற்றவிடுங்கள். நுரைப்பது நின்றதும் வெளியேற்றி, அப்பச்சோடாக் கரைசலாலும் பின் நல்ல தண்ணீராலும் அலசி, காற்றடித்துக் காயவிடுங்கள். மலசலகூடம் கழுவும் ஐதரோகுளோரிக் அமிலத்தை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். காப்புப் படலத்தையே அது அழிக்கும். 52 வன்மையுள்ள உருக்கில் ஐதரசன் புகுந்து வெடிப்பும் வரலாம்.

நிரந்தரத் தீர்வு மூடிய சுற்று: மழைநீர் அல்லது உப்பு நீக்கிய நீர், அதற்குரிய தடுப்பி, வெப்பமாற்றியின் மறுபக்கத்தில் மட்டும் கிணற்று நீர். பணம் போகும் வேலைதான். ஆனாலும் விலையுயர்ந்த உருக்கை வாங்கி அதன் உள்ளே உவர்த்தண்ணீரை ஓடவிடுவதில் நியாயமே இல்லை. அச்சைக் கழற்றி வைக்கும்போது துளைகளைக் காற்றடித்து உலர்த்துவதற்கு மட்டும் எந்தச் செலவும் இல்லை. தேங்கிய நீர்தான் ஓடும் நீரைவிட அதிகம் துளைக்கிறது.

குறி: அச்சு முகத்தில் நீர் கசிகிறது

குளிர்நீர்த் துளைச் சுவரில் தொடங்கிய விரிசல் முகம் வரை வந்துவிட்டது. துளை முகத்துக்கு மிக அருகில் இருப்பது, கூரான துளை முடிவு, உள்ளே அரிப்புத் துளைகள், ஒரே ஒரு ரெம்பரோடு விட்ட நொறுங்கு நிலை ஆகிய நான்கில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே போதும். முகத்துக்கும் துளைக்கும் இடையே குறைந்தது துளை விட்டத்தின் ஒன்றரை மடங்கு விடுங்கள். வெடித்த இன்சேர்ட்டை வெல்டிங் வைத்து ஓட்டுவது தற்காலிக ஏற்பாடு மட்டுமே.

குறி: வன்மை 45இலேயே நிற்கிறது

அளவையே முதலில் சந்தேகியுங்கள். செதில், வளைந்த முகம், அடியில் ஆடும் துண்டு ஆகியவை குறைத்துக் காட்டும். தட்டையாகத் தேய்த்து மூன்று இடத்தில் எடுங்கள்.

பிறகு 0.3 மில்லிமீற்றர் தேய்த்து மறுபடி எடுங்கள். ஏறினால் மேல்தோலில் காபன் எரிந்துவிட்டது. சாதாரண காற்று உலையில் திறந்து வைத்ததன் விளைவு அது. தோலை முழுதாக எடுக்க இடமிருந்தால் அதோடு முடியும். சிறு மின் உலையில் செய்பவர்கள் இன்சேர்ட்டைக் கறையில் உருக்கின் மெல்லிய தாளில், சிறு துண்டுக் காகிதமும் உள்ளே வைத்து, விளிம்பை இரண்டு மடிப்பு மடித்து அடைக்க வேண்டும். காகிதம் உள்ளிருக்கும் ஒட்சிசனைத் தின்றுவிடும். மெல்லிய துண்டுகள் பொதியோடே இரு பக்கமும் மின்விசிறிக் காற்றில் குளிர்ந்து வன்மையாகும். தடித்தவற்றை அங்கே முயலாமல் வெற்றிட உலைக்கு அனுப்புங்கள்.

தேய்த்தும் ஏறவில்லை என்றால் இரு எதிரெதிர்க் காரணங்கள் உண்டு: சூடு போதவில்லை, அல்லது சூடு மிஞ்சிவிட்டது. போதாதபோது காபைட்டு கரையவில்லை. உலைச் சுவரின் தேமோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) 1020 என்று காட்டியபோது தடித்த துண்டின் நடு 950இல் நின்றிருக்கும். மிஞ்சியபோது காபனும் குரோமியமும் அளவுக்கு மேல் கரைந்து, குளிர்ந்த பிறகும் பழைய மென் அமைப்பான ஒஸ்ரனைட்டு நிறைய எஞ்சிவிடும். பிரித்தறியச் சாட்சித் துண்டை 500 பாகையில் ரெம்பர் செய்து பாருங்கள். வன்மை தெளிவாக ஏறினால் எஞ்சிய ஒஸ்ரனைட்டு, அதாவது மிகைச்சூடு. ஏறாவிட்டால் சூடு போதவில்லை. அச்சில் இதைச் செய்யக் கூடாது, காரணம் மேலே சொன்னதே. சரியாகச் செய்தது 1020இலிருந்து குளிர்ந்த உடனே, ரெம்பருக்கு முன், 56 அளவு காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரெம்பர் உலை தவறி 600க்குப் போயிருந்தாலோ வன்மை 40க்கும் கீழே விழும்.

மின்வெட்டு இங்கே தனியாகச் சொல்ல வேண்டிய விடயம். 1020இல் நிற்கும்போது மின்சாரம் போய், துண்டு உலைக்குள்ளேயே மெதுவாக 900இலிருந்து 600க்கு இறங்கினால் காபைட்டுகள் மணியுரு எல்லையில் வரிசையாக ஒதுங்கும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து நிமிடத்தை எண்ணக் கூடாது. மென்மையாக்கி மறுபடி தொடங்குவதே ஒழுங்கு. தடித்த துண்டை மெதுவாகக் குளிர்வித்தாலும் இதே கேடு: வன்மை ஓரளவு வந்திருக்கும், உறுதியும் கறள் எதிர்ப்பும் போயிருக்கும்.

குறி: வெடிப்பு

விரிசலைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். காற்று உலையில் செய்ததில் உள்ளே கருஞ்செதில் இருந்தால் சூடேற்றும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. வைக்கோல் மஞ்சள் நிறமென்றால் குளிர்விப்பில் வெடித்து ரெம்பரில் நிறமெடுத்தது. பளிச்சென்று இருந்தால் பிறகு வந்தது. வெற்றிட உலையில் நிறம் பேசாது.

குளிர்விப்பில் வெடித்ததற்குப் பெரும்பாலான காரணம், ரெம்பரை நாளைக்கென்று தள்ளிவைப்பது. 56 வன்மையில் தகைப்போடு ஒரு இரவு கிடக்க விடக் கூடாது. அடுத்தது கூரான உள்மூலை, ஆரை கொடுங்கள். தடிப்பும் மெலிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வடிவத்தை எண்ணெயில் போட வேண்டாம்.

பிறகு வந்த வலைபோன்ற நுண்விரிசல் கிறைண்டிங் சூடு. 250இல் ரெம்பரான உருக்கு அதற்கு மிகவும் கூசும். மென்மையான, திறந்த மணிக் கல்லும் நிறையக் குளிர்நீரும் சிறு வெட்டும் வேண்டும். ஸ்பார்க் மெசினில் (மின்பொறியால் உருக்கை அரிக்கும் மெசின்) குழி எடுத்த பிறகு வரும் விரிசலுக்குக் காரணம் மேல் நிற்கும் வெண்படை. அது உருகி உறைந்த நொறுங்கு தோல். இறுதிக்கட்டத்தில் குறைந்த மின்னோட்டத்தில் ஓட்டி, மீதியைக் கல்லால் முழுதாக எடுத்து, கடைசி ரெம்பரைவிட 25 பாகை குறைத்து, அதாவது 225இல், மறுபடி ரெம்பர் செய்யுங்கள்.

குறி: அளவு மாறிவிட்டது

நீள, அகல, தடிப்பில் 0.15 சதவீதம் விட்டு வெட்டுவது வழக்கம். 200 மில்லிமீற்றருக்கு 0.3. அதற்கு மேல் கோணினால் 650 பாகைத் தகைப்பு நீக்கலைத் தவிர்த்திருப்பீர்கள், அல்லது துண்டு உலையில் ஒருபக்கம் சாய்ந்து நின்றிருக்கும். மாதங்கள் கழித்து மெதுவாக அளவு கூடினால் எஞ்சிய ஒஸ்ரனைட்டு மாறிக்கொண்டிருக்கிறது.

குறி: கண்ணாடிப் பொலிஷ் வரவில்லை

தோடம்பழத் தோல்போல் மேடுபள்ளம் வந்தால் உடனே நிறுத்துங்கள். தொடர்ந்து தேய்க்கத் தேய்க்கக் கூடுமே தவிரக் குறையாது. அழுத்தமும் நேரமும் மிஞ்சியதே முதற் காரணம், மிகைச்சூட்டு வெப்பப்பதம் அடுத்தது. பொலிஷுக்கு முந்திய கல் மட்டத்துக்குத் திரும்பி, கெட்ட தோலை எடுத்து, கடைசி ரெம்பருக்கு 25 பாகை குறைவில் தகைப்பு நீக்கி, குறைந்த அழுத்தத்தில் ஏறி வாருங்கள். ஒவ்வொரு மணியளவிலும் திசையை மாற்றி, முந்திய கீறல் முழுதாக மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும்.

சிறு துளைகள் மட்டும் தெரிந்தால் உருக்கின் தூய்மையைப் பாருங்கள். அச்சைத் தாங்கும் சட்டங்களுக்கென்று கந்தகம் சேர்த்து இலகுவாக வெட்டும் 1.2085 போன்ற வகையைத் தவறி அச்சுக் குழிக்குப் பாவித்தால் சல்பைட்டு இழைகள் பிடுங்கப்பட்டுத் துளை விடும், கறளும் அங்கேயே தொடங்கும். அதில் பொலிஷ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

குறி: வெல்டிங் ஓரத்தில் கறள் கோடு

வெல்டிங்கை ஒட்டிய ஒரு பட்டை 500 முதல் 700 பாகையைத் தொட்டிருக்கும். குரோமியம் அங்கே ஒதுங்கிவிட்டது. முழுதாகத் தவிர்க்க முடியாது, குறைக்கலாம். 200 முதல் 250 பாகைக்கு முன்சூடேற்றி, வேலை முழுக்க அந்தச் சூட்டைக் காத்து, அதே உருக்கின் ரிக் (TIG) வெல்டிங் கம்பியால் சிறு சிறு ஓட்டமாக வைத்து, மூடி மெதுவாக ஆறவிட்டு, முந்திய ரெம்பருக்கு 10 முதல் 20 பாகை குறைவில் ரெம்பர் செய்யுங்கள். சாதாரண 308 எனும் கறையில் உருக்குக் கம்பி இலகுவாக ஒட்டும், ஆனால் மென்மையாக நின்று பொலிஷில் வேறு நிறமாகத் தெரியும்.

குறி: உலைக்குப் போய்வந்த பெட்டியைத் திறந்தால் கறள்

வெப்பப்பதத்துக்காக ஏ9 வீதியால் லொறியில் தெற்கே அனுப்பினால், போகும்போது மென்மையான உருக்கு, வரும்போது பொலிஷ் இல்லாத முகம். இரண்டும் கறளுக்கு எளிதில் மாட்டும் நிலைகள். வியர்வைக் கையால் தொடாமல் கையுறையோடு எடுத்து, எண்ணெய் பூசி, கறள் தடுப்புக் காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு பொலித்தீனில் அடைத்து அனுப்புங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை பெட்டிக்குள் மரத்தூளோ பழைய காட்போட்டோ நிரப்ப வேண்டாம், இரண்டும் ஈரத்தை உறிஞ்சி முகத்தோடு ஒட்டி வைத்திருக்கும். திரும்பி வந்த அன்றே திறந்து, துடைத்து, வன்மை பார்த்து, புது எண்ணெய் பூசுங்கள்.